வாப்பா கொண்டு வரும் ரயில்: வாங்க முன் சில விசயங்கள்



கட்டாரில் வேலை செய்யும் சகோதரர் ஒருவர் போன கிழமை எங்களிடம் கேட்டார்: "சேர், அடுத்த மாசம் 40 நாள் லீவுல வாறன். மகன் ரயில் செற் ஒண்டு கேக்கிறான். உங்கட ஸ்கூல்ல ஓடுற மாதிரி கரண்டுல ஓடுறதாம். எத வாங்கிறது? எனக்கு இதப் பத்தி ஒண்டும் தெரியா."

இதே கேள்வியை இந்த வருசம் கேட்ட மூன்றாவது வாப்பா அவர். பழைய மாணவர் ஒருவர் லண்டனிலிருந்து கொடுத்த செற் ஒன்றை வைத்து நாங்கள் இரண்டு விஞ்ஞான ஆசிரியர்கள் சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு மினக்கெடுவது ஊருக்குத் தெரியும். அதனால்தான் எங்களிடம் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதி வைத்தால் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒன்று. வெளிநாட்டிலிருந்து வரும் விளையாட்டுச் சாமான்களின் கதை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். முதல் நாள் வீடு நிறையப் பிள்ளைகள். இரண்டாம் கிழமை ஏதோ ஒன்று வேலை செய்யாது. வாப்பா பிளேன் ஏறிய பிறகு அதைத் திருத்த ஆளில்லை. பெட்டி அலுமாரிக்கு மேலே போய்விடும். "உடைச்சிப் போடுவான், வாப்பா வந்த பொறகு எடுக்கலாம்" என்று உம்மா சொல்வா. அதில் அவவைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே எந்த ரயில் அழகு, எது வேகம் என்று பார்க்க முன், வாப்பா போன பிறகும் இது ஓடுமா, நின்றால் அந்தப் பிள்ளையே கண்டுபிடித்துத் திருத்துமா என்று பாருங்கள். கீழே எழுதுவதெல்லாம் அதை நினைத்துத்தான்.

அளவு பற்றி எல்லாரும் குழம்புகிறார்கள். கடையில் எச்ஓ, டபுள் ஓ, என் என்று எழுதியிருக்கும். எச்ஓ என்றால் உண்மை ரயிலை 87 மடங்கு சிறிதாக்கியது. டபுள் ஓ பிரித்தானியர் பாவிக்கும் அளவு, 76 மடங்கு. இரண்டும் ஓடுவது ஒரே தண்டவாளத்தில்தான், இரண்டு கம்பிகளுக்கும் இடையில் 16.5 மில்லிமீற்றர். என் அளவு இன்னும் சிறிது, தண்டவாளம் 9 மில்லிமீற்றர். இடம் பாதிதான் தேவைப்படும் என்று அதை வாங்க ஆசை வரும். ஆனால் 9, 10 வயதுப் பிள்ளையின் விரலுக்கு அந்தச் சில்லுகளைத் தண்டவாளத்தில் ஏற்றி வைப்பதே பெரும்பாடு. முதல் ரயிலுக்கு டபுள் ஓ அல்லது எச்ஓ என்பதே எங்கள் அபிப்பிராயம்.

இடம்? முழு பிளைவூட் பலகை 8 அடிக்கு 4 அடி. அதில் 2 அடியை வெட்டி எடுத்துவிட்டு 6 அடிக்கு 4 அடியாக வையுங்கள். ஹோர்ன்பி செற்களில் அதிகம் வருகிற வளைவின் ஆரை 438 மில்லிமீற்றர். எட்டு இரட்டை வளைவுத் துண்டுகள் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். பக்கத்துக்கு இரண்டு இரட்டை நேர்த்துண்டு போட்டால் நீள்வட்டமாகும். சுற்றிவர ஏறக்குறைய 4 மீற்றர் பாதை வரும், 6 அடிப் பலகைக்குள் அடங்கும். கட்டிலுக்குக் கீழே தள்ளி வைக்கலாம், சுவரில் சாய்த்தும் வைக்கலாம். தரையில் விரித்து ஓட விடுவதை மட்டும் தயவுசெய்து வேண்டாம். கம்பளத் தும்பும் தலைமயிரும் எஞ்சினின் பற்சில்லுக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும். இரண்டாம் கிழமை நின்றுபோகும் ரயில்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இனி கரண்ட். இதைக் கவனமாக வாசியுங்கள். ரயிலுக்குப் போவது 12 வோல்ற் நேரோட்டம். தண்டவாளத்தைக் கையால் தொட்டாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சுவரில் குத்தும் அடாப்டர் அப்படியல்ல. நம் நாட்டில் 230 வோல்ற். கட்டாரிலோ டுபாயிலோ லண்டனிலோ வாங்கியது அநேகமாக இங்கே பொருந்தும், சதுரப் பின் பிளக்கும் ஒன்றுதான். அமெரிக்கா, கனடாவிலிருந்து மாமாமார் அனுப்பும் செற்களில் 120 வோல்ற் என்று மட்டும் எழுதிய அடாப்டர் வரலாம். அதை இங்கே அப்படியே குத்தினால் எரிந்துவிடும். குத்த முன் அடாப்டரின் பின்பக்கம் உள்ள சின்ன எழுத்தைப் பாருங்கள். "100 முதல் 240 வரை" என்றிருந்தால் பயமில்லை.

பழைய செற் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் ஒரு காந்தத்தைக் கொண்டு போங்கள். கம்பியில் காந்தம் ஒட்டினால் அது உருக்குத் தண்டவாளம். எங்கட உப்புக் காற்றுக்கு அது வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒட்டாவிட்டால் நிக்கல் சில்வராக இருக்கும். பெயரில் சில்வர் இருந்தாலும் உள்ளே வெள்ளி கிடையாது. செம்பு, நாகம், நிக்கல் சேர்ந்த கலப்புலோகம். தரம் 9 பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். "அப்ப ஏன் சேர் சில்வர்?" பார்வைக்கு வெள்ளி மாதிரி, அவ்வளவுதான்.

ரயில் ஏன் ஓடுகிறது என்பதை வாப்பாமார் ஒருதடவை விளங்கிக்கொண்டால் நல்லது. ஏனென்றால் மகன் உங்களிடம்தான் கேட்பான். இரண்டு கம்பியும் இரண்டு வயர் மாதிரி. ஒன்றால் வரும் கரண்ட் சில்லு வழியாக ஏறி, மோட்டரைச் சுற்றிவிட்டு, மறுபக்கச் சில்லு வழியாக மற்றக் கம்பிக்கு இறங்குகிறது. கொன்ரோலரைத் திருகினால் வோல்ற் கூடும், வேகமும் கூடும். திசையை மாற்றும் சுவிட்ச் செய்வதெல்லாம் நேரையும் மறையையும் இடம் மாற்றுவதுதான். இவ்வளவுதான் சங்கதி. மின்சுற்றைப் பாடப்புத்தகத்தில் பல்பும் ஆளியுமாகப் படிப்பிக்கும்போது தூங்கி விழுகிற பிள்ளை, ரயில் நடுவழியில் நின்றால் தூங்குவதில்லை.

நிற்கும். கட்டாயம் நிற்கும். அதற்கு மூன்று காரணங்கள்தான் அடிக்கடி வரும். கம்பியில் அழுக்கு, சில்லில் அழுக்கு, இரண்டு துண்டுகளை இணைக்கும் சின்னத் தகடு தளர்ந்து போனது. அழுக்குக்கு பார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் கொஞ்சம் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். கொரோனா காலத்து கை கழுவும் ஜெல் மிச்சமிருக்கிறதே என்று அதைப் பூச வேண்டாம், அதில் சேர்க்கும் பசைப்பொருள் கம்பியில் படிந்துவிடும். சேண்ட் பேப்பரும் வேண்டாம். தேய்க்கும்போது விழும் கீறல்களுக்குள்தான் பிறகு அழுக்கு குடியிருக்கும்.

தளர்ந்த இடத்தைக் கண்டுபிடிக்க எங்கட பிள்ளைகள் பாவிக்கும் வழி: மோட்டர் சைக்கிள் மீற்றருக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ற் பல்ப், அதில் இரண்டு வயர். கொன்ரோலரைத் திருகிவிட்டு வயர் இரண்டையும் இரண்டு கம்பியில் வைத்துக்கொண்டே பாதை நெடுக நகர வேண்டும். எந்த இணைப்புக்கு அப்பால் பல்ப் மங்குகிறதோ அங்கேதான் பிழை. கராஜில் கேட்டால் சும்மாவே தருவார்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் 9 வோல்ற் சதுரப் பற்றரியைக் கம்பியில் வைத்தாலும் எஞ்சின் கொஞ்ச நேரம் மெதுவாக நகரும். பிழை பாதையிலா எஞ்சினிலா என்று அறிய இது போதும்.

"பஸ் திருப்புற மாதிரி ரயிலையும் வளைச்சி அதே பாதையில திருப்பிக் கொண்டுவரலாமே" என்று தரம் 8 மாணவன் ஒருவன் கேட்டான். கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டு கம்பி முறையில், பாதை வளைந்து வந்து தன்னோடே சேரும்போது இடது கம்பி வலது கம்பியைத் தொட்டுவிடும். குறுஞ்சுற்று. கொன்ரோலர் தானாக நின்றுவிடும். அவனுக்கு நாங்கள் விடை சொல்லவில்லை, ஒரு கயிறும் இரண்டு நிறச் சோக்கும் கொடுத்தோம். தரையில் கீறிப் பார்த்து அவனே கண்டுபிடித்தான். உங்கட மகன் கேட்டாலும் அப்படியே செய்யுங்கள். அந்த 40 நாளில் ஒரு நாளாவது இதில் போகட்டும்.

இலங்கை ரயில் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. கடையில் தேடினால் ஏமாற்றம்தான். பெரிய கம்பனிகள் செய்வது பிரித்தானிய, ஜேர்மன், அமெரிக்க, ஜப்பான் ரயில்களை. நம் தண்டவாளமும் வேறு. அவர்களில் பெரும்பாலோருடையது 1435 மில்லிமீற்றர், நம்முடையது 1676, அகலப்பாதை. கணக்குப்படி டபுள் ஓ அளவில் நம் பாதைக்கு 22 மில்லிமீற்றர் வர வேண்டும், கிடைப்பது 16.5. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருநாளும் ரயில் ஓடாது. அடியில் ஓடுவது அவர்களுடைய சில்லாக இருக்கட்டும், மேலே அட்டையில் நம் பெட்டியைச் செய்து மூடலாம். கனடா கொடுத்த எம்2 எஞ்சின்கள் பலவற்றுக்கு அந்த நாட்டு மாகாணங்களின் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். இப்போது எங்கட அட்டை எஞ்சினுக்கு "ஓட்டமாவடி" என்று பெயர்.

செலவு பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல தொடக்க செற் ஒன்று எங்களைப் போன்ற ஆசிரியரின் ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்டு நிற்கும், சிலது தாண்டும். அதனால் ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, ஒரு நீள்வட்டம், ஒரு கொன்ரோலர், இதற்கு மேல் முதல் தடவை வாங்க வேண்டாம். டிஜிட்டல் முறை என்று ஒன்று விற்பார்கள், ஒரே பாதையில் இரண்டு மூன்று எஞ்சினைத் தனித்தனியாக ஓட்டலாம். நல்லதுதான், ஆனால் அது பழுதானால் ஊரில் திருத்த ஆளில்லை. மிச்சமான காசை அந்த பிளைவூட்டுக்கு வையுங்கள்.

மலை, ஸ்டேஷன், மரம் எதையும் காசு கொடுத்து வாங்கத் தேவையே இல்லை. ரெஜிபோமை வெட்டினால் மலை. தச்சுப் பட்டறை மரத்தூளில் பச்சைப் பெயின்ட் கலந்தால் புல். தேங்காய்த் தும்பில் தென்னை மரமே வரும். ஐஸ்கிறீம் குச்சியில் பிளாட்போம். மனித உருவங்கள் வைக்கலாமா என்று ஒரு உம்மா கேட்டா. அது மார்க்கத் தீர்ப்பு, உங்கட மௌலவியிடம் கேளுங்கள். எங்கட பலகையில் ஆட்கள் இல்லை. எல்லாரும் ரயிலுக்குள் இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்கிறார்கள்.

பிள்ளைகள் கடைசியாகச் செய்தது பாலம். ஓட்டமாவடிப் பழைய பாலத்தில் பஸ்ஸும் ரயிலும் ஒரே தளத்தில் போனதை இப்போதைய பிள்ளைகள் காணவில்லை. புதுப் பாலம் வந்த பிறகு பிறந்தவர்கள் நம்பவும் மாட்டார்கள். வீட்டில் மூத்தப்பாமாரிடம் கேட்டு வரச் சொன்னோம். ரயில் வருகிறதென்று கேட் போட்டு லொறி வரிசையில் காத்திருந்தது, யுத்த காலத்தில் ரயிலே வராமல் கிடந்த வருசங்கள், உதயதேவி மறுபடி கூவிக்கொண்டு வந்த நாள் என்று ஆளுக்கொரு கதை கொண்டு வந்தார்கள். ஒரு மூத்தப்பா தானே வந்து, தூண் வைத்தது பிழை என்று சொல்லி இரண்டு நாள் நின்று திருத்திக் கொடுத்தார்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் போகும் ரயிலை 76 மடங்கு குறைத்தால் செக்கனுக்கு 22 சென்ரிமீற்றர். எங்கட 4 மீற்றர் பாதையை ஒருதடவை சுற்ற ஏறக்குறைய 19 செக்கன். பிள்ளைகள் கொன்ரோலரை முழுதாகத் திருகி செக்கனுக்கு 1 மீற்றர் ஓட்டினால் அது மணிக்கு 270 கிலோமீற்றருக்கு மேல். கல்ஓயா என்று பெயர் எழுதிய மூலையில் ஒரு பிள்ளை பிளாஸ்ரிக் யானை இரண்டைக் கொண்டு வந்து வைத்தது. அந்தப் பக்கம் ரயிலில் யானைகள் அடிபடுவது நமக்குத் தெரிந்ததுதானே. இப்போது அந்த மூலைக்கு வரும்போது கொன்ரோலரைக் குறைக்காதவர் அடுத்த கிழமை ரயில் ஓட்ட முடியாது. சட்டம் போட்டது பிள்ளைகள், நாங்கள் இல்லை. எங்களில் ஒருவருக்கும் ஒரு கிழமை தடை விழுந்தது.

கட்டார் சகோதரருக்குத் தனியாக ஒன்று. வந்து இறங்கிய அன்றே எல்லாவற்றையும் பூட்டி ஓட விட்டுக் காட்டாதீர்கள். முதல் கிழமை பலகை. பாஸைக் கூப்பிடாமல் நீங்களும் மகனும் வெட்டுங்கள். இரண்டாம் கிழமை பாதை. கம்பியைத் துடைப்பதும் பல்ப் வைத்துச் சோதிப்பதும் நீங்கள் இருக்கும்போதே அவன் கையால் நடக்கட்டும், உம்மாவும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். பலகையின் ஒரு மூலையை ஒன்றும் செய்யாமல் வெறுமனே விட்டுவிட்டுப் போங்கள். அதில் என்ன வரவேண்டும் என்று போனில் பேச உங்களுக்கும் ஒரு விசயம் இருக்கும்.

காசு கொடுக்க முன் ஒருதடவை வந்து பாருங்கள். சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து ளுஹர் வரை விஞ்ஞான அறை திறந்திருக்கும். நீங்கள் இன்னும் ஊருக்கு வராவிட்டால் மகனை உம்மாவோடு அனுப்புங்கள். பெரிய எஞ்சினையும் சின்ன எஞ்சினையும் அவன் கையில் கொடுத்து, தண்டவாளத்தில் ஏற்றி வைக்கச் சொல்லிப் பார்ப்போம். எது வாங்குவதென்று அதற்குப் பிறகு சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.