மூட்டைக்குள் மூச்சுவிடும் கொழுந்து

கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கட்டபெட்டு. சரிவெங்கும் தேயிலை. ஊரிலேயே இன்கோசர்வ் இணையத்தைச் சேர்ந்த கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையும் உண்டு. இந்தப் பக்கத்துச் சிறு விவசாயிக்குப் பசுந்தேயிலை விலைதான் வாழ்வு. அந்த விலை தோட்டத்தில் மட்டுமல்ல, லாரிக்குக் காத்திருக்கும் மூட்டைக்குள்ளும் தீர்மானமாகிறது.

மேகம் இறங்கிக் குளிரெடுக்கும் நாளிலும், இறுக்கி அடைத்த இலை மூட்டைக்குள் கையை விட்டால் சூடு தெரியும். காரணம், கிள்ளிய கொழுந்து இன்னும் உயிரோடு இருக்கிறது.

செடியில் இருக்கும்போது தேயிலை, இலையின் அடிப்பக்கத்திலுள்ள நுண்துளைகள் வழியே காற்றை வாங்கி விடுகிறது. வெளிச்சத்தில் கரியமில வாயுவை எடுத்துச் சர்க்கரை தயாரித்து, பிராணவாயுவை வெளிவிடுகிறது. கூடவே, மனிதரைப் போல இரவும் பகலும் பிராணவாயுவை எடுத்துச் சுவாசிக்கவும் செய்கிறது. கிள்ளிய பிறகும் இந்தச் சுவாசம் நிற்பதில்லை. சேர்த்து வைத்த சர்க்கரை கரைந்து, கரியமில வாயுவும் நீரும் வெப்பமும் வெளியாகின்றன.

காற்றோட்டம் இருந்தால் வெப்பம் போய்விடும். சாக்கில் மிதித்து அடைத்தால் போக வழியில்லை. சூடு ஏற ஏறச் சுவாசமும் வேகமாகும். சூடு இன்னும் கூடும். கடைசியில் இலையின் செல்கள் சிதைந்து, உள்ளிருக்கும் சாறு பிராணவாயுவோடு சேர்ந்து சிவக்கும். தொழிற்சாலையில் இலையை அரைத்த பிறகு நடக்க வேண்டிய மாற்றம் இது. மூட்டையிலேயே நடந்துவிட்டால் தூளில் நிறமும் மணமும் குறையும்.

தொழிற்சாலைக்காரர்களுக்கு இது தெரியும். அதனால்தான் வந்த இலையை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து மின்விசிறியால் காற்றை விட்டு மணிக்கணக்கில் வாட வைக்கிறார்கள். அதுவரை இலையைக் காப்பது விவசாயியின் கையில்தான் இருக்கிறது.

காற்று புகும் வலைப்பையில் தளர்வாக நிரப்புங்கள். காற்றுப் புகாத பழைய உரச்சாக்கு வேண்டாம். மூட்டையின் மேல் உட்காருவதோ, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதோ கூடாது. வெயிலில் வைக்க வேண்டாம். லாரி வரத் தாமதமானால், நிழலில் சுத்தமான படங்கு விரித்து இலையை மெல்லிசாகப் பரப்பி, அவ்வப்போது கிளறிவிடுங்கள். ஏற்றும் முன் ஒருமுறை மூட்டைக்குள் கைவிட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் இலை நல்லபடி மூச்சுவிடுகிறது என்று அர்த்தம்.