குங்குமப்பூ பூக்கும் ஊர்

ஸ்பெயின் தேசத்தின் தலைநகரான மாட்ரிட்டிலிருந்து தெற்கே சுமார் 130 கிலோமீட்டர் தூரத்தில் கான்சுவேக்ரா என்னும் சிற்றூர் இருக்கிறது. அக்டோபர் மாதக் கடைசியில் நாங்கள் குடும்பத்துடன் அங்கே சென்றோம். எங்கள் அத்தையும் உடன் வந்திருந்தார்.

ஊருக்கு மேலே குன்றின்மீது 12 காற்றாலைகள் வெள்ளை வெளேரென்று வரிசையாக நிற்கின்றன. செர்வான்டிஸ் 1605இல் வெளியிட்ட நவீனத்தில், டான் குவிக்ஸாட் அரக்கர்கள் என்று மயங்கிப் போர் தொடுத்தது இத்தகைய ஆலைகளோடுதான். பக்கத்திலுள்ள கோட்டை 1183இல் புனித ஜான் வீரர் சபைக்கு அளிக்கப்பட்டது. கீழே ஓடும் அமர்கிலோ ஆறு நம் ஊர் வாய்க்காலைப் போலத்தான் இருக்கிறது. ஆயினும் 1891 செப்டம்பரில் ஓர் இரவில் அது பெருகி 359 உயிர்களைக் கொண்டு போயிற்று என்று அறிந்தபோது திடுக்கிட்டோம்.

ஆனால் நாங்கள் சென்றது குங்குமப்பூவைக் காண்பதற்கே. டில்லியில் காஷ்மீரத்துக் குங்குமப்பூவைக் குன்றிமணி எடையில் வாங்கிப் பழகிய நமக்கு, ஒரு வயல் முழுவதும் ஊதா நிறமாகப் பூத்துக் கிடக்கும் காட்சி வியப்பூட்டுவதே. பூ விரியுமுன், விடியற்காலையில் குனிந்து குனிந்து பறிக்க வேண்டும். அன்றைக்கே பெண்கள் மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று சிவந்த இழைகளைக் கிள்ளி எடுக்கிறார்கள். பிறகு சல்லடையில் பரப்பி இளஞ்சூட்டில் உலர்த்தினால் எடை ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம் பூக்களுக்கு மேல் வேண்டும். 1963 முதல் இதற்கென்று ஒரு விழாவும் நடக்கிறது. இழை கிள்ளுவதில் போட்டியும் உண்டு. நாங்களும் கிள்ளிப் பார்த்தோம். அரை மணியில் கிடைத்தது ஒரு சிட்டிகைகூட இல்லை. அத்தை மட்டும், மல்லிகை தொடுத்த விரல்களாதலால், பாராட்டுப் பெற்றார்.

அவரைப் பாராட்டிய மூதாட்டி எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்தார். மாட்ரிட்டில் வேலை பார்க்கும் அவருடைய பேரன் மொழிபெயர்த்தான். பூப்பறிப்புக்கு மட்டும் அவன் லீவு போட்டுவிட்டு வருகிறானாம். எங்களுக்காகப் பன்றிக் கொழுப்பைத் தவிர்த்து, ஆலிவ் எண்ணெயில் பூண்டும் மிளகாய்த் தூளும் இட்டு, ஒரு பருப்பு மாவைக் களியாகக் கிளறினார். அதற்கு 'காச்சாஸ்' என்று பெயர். எந்தப் பருப்பு என்று விசாரித்தால், நம்முடைய கேசரிப் பருப்பேதான்! அளவுக்கு மீறி உண்டால் கால்களை முடக்கிவிடும் அதே பருப்பு. 1936இல் மூண்ட உள்நாட்டுப் போர் ஓய்ந்த பிறகு வந்த பஞ்சத்தில் ஏழைகளுக்கு இதுவே உணவாயிற்று. பலர் கால் விளங்காமல் போனார்கள். நம் நாட்டில் 1961இலும் அங்கே 1967இலும் தடை வந்தது. எப்போதாவது உண்ணலாம் என்று ஸ்பெயினில் 2018இல் அனுமதித்தார்கள்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. வாணலியை நடுவில் வைத்து, எல்லோரும் ரொட்டித் துண்டால் அதிலேயே தொட்டுத் தின்பது அவ்வூர் வழக்கம். எச்சில் பார்க்கும் அத்தை என்ன செய்வாரோ என்று தவித்தோம். மூதாட்டி, தம் தாயார் இதைத் தின்றே பிள்ளைகளைக் காப்பாற்றியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்கள் வீட்டிலும் ரேஷன் மாவுக்காக வரிசையில் நின்றிருக்கிறோம், சொல்லு அவளிடம்," என்றார் அத்தை. பிறகு ரொட்டியைப் பிய்த்து அதே வாணலியில் தொட்டார்.

அடுத்த ஆண்டு கிழங்கு ஊன்றுவீர்களா என்று புறப்படும்போது கேட்டோம். மூதாட்டி பேரனைப் பார்த்தார். அவன் அக்கேள்வியை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.