விளக்கெண்ணெய் மணக்கும் பந்தயத் தடம்

லண்டன் விக்டோரியா நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் சிச்செஸ்டர் நகரம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பசும் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது குட்வுட் பந்தயத் தடம். இரண்டாம் உலகப் போரின்போது போர் விமானத் தளமாக இருந்த இடம். அதைச் சுற்றி ஓடிய சாலையே 1948இல் பந்தயத் தடமானது. ஒரு சுற்று 3.8 கிலோமீட்டர். கார்களின் வேகம் கூடிக்கொண்டே போனதால் 1966இல் பந்தயங்களை நிறுத்திவிட்டார்கள். 1998இல் தடத்தை மீண்டும் திறந்தபோது, 1966 வரை ஓடிய வகைக் கார்களுக்கு மட்டுமே என்று ஒரு விழாவையும் தொடங்கினார்கள். அதுதான் குட்வுட் ரிவைவல். ஒவ்வொரு செப்டம்பரிலும் மூன்று நாள் நடக்கிறது.

என்னோடு வந்தவர் மாமா. கிள்ளானில் நாற்பது வருடம் லாரிப் பட்டறை நடத்தியவர். சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கார் பந்தயங்கள் நடந்தன அல்லவா, அவற்றில் ஒன்றைச் சிறுவனாக மரத்தில் ஏறிப் பார்த்தவர். பார்வையாளர்களில் பலர் அந்தக் காலத்து உடையில் வருவார்கள் என்று சொன்னதும், தம் கல்யாணக் கோட்டைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டார்!

கார்கள் நிற்கும் பகுதிக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்கைப் பிடித்து ஊற்றுவார்களே, அதே விளக்கெண்ணெய்! பழைய பந்தய இன்ஜின்கள் சிலவற்றுக்கு இன்றும் ஆமணக்கெண்ணெய் கலந்த எண்ணெய்தான் ஊற்றுகிறார்கள்.

நான் கார்களின் அழகைப் பார்த்தேன். மாமா குனிந்து போல்ட்டுகளைப் பார்த்தார். போல்ட்டுத் தலைகளில் துளையிட்டு, மெல்லிய கம்பியை முறுக்கி ஒன்றோடொன்று பிணைத்திருந்தார்கள். ஒரு போல்ட்டு தளர முயன்றால் கம்பி மற்றதை இறுக்கும் பக்கம் இழுக்கும். அதிர்வில் எதுவும் கழன்றுவிடாது. அங்கிருந்த மெக்கானிக்குக்கு மாமாவின் ஆங்கிலம் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் இருவரும் கைகளாலேயே அரை மணி நேரம் பேசினார்கள்.

உண்மையான வேலை குளிர்காலத்தில் நடக்கிறதாம். இன்ஜினை முழுதாகக் கழற்றி, கிராங்க் ஷாஃப்ட், ஸ்டியரிங் பாகங்கள் எல்லாவற்றையும் காந்தப்படுத்தி, இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றி, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் கோடாக மின்னும். அறுபது வயது இரும்பு எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. அந்தக் கோடு தெரிந்தால் பாகம் குப்பைக்குத்தான்; அதே பழைய அளவில் புதிதாகச் செய்ய வேண்டும்.

“இப்படி மாத்திக்கிட்டே போனா அது பழைய காரா மாமா?” என்றேன்.

“என் லாரியில நம்பர் பிளேட்டத் தவிர எல்லாத்தையும் மாத்தியிருக்கேன். அது வேற லாரியாடா?”

செயின்ட் மேரிஸ் வளைவருகே நின்று பார்த்தோம். 1962 ஈஸ்டர் திங்களன்று ஸ்டர்லிங் மாஸ் இந்தப் பகுதியில்தான் மண்மேட்டில் மோதி, ஒரு மாதம் நினைவிழந்து கிடந்தார். அவருடைய முதல்தரப் பந்தய வாழ்க்கை அதோடு முடிந்தது. டயர்கள் இன்றும் அதே பழைய வடிவம், அகலம் குறைவு, பிடிப்பும் குறைவு. வளைவில் கார்கள் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகின்றன. ஓட்டுநர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்துச் சமாளிக்கிறார். 7 லிட்டர் ஃபோர்ட் கேலக்ஸி நேர்ச்சாலையில் இடியாக முந்துகிறது. அடுத்த வளைவில், 1.3 லிட்டர்கூட இல்லாத மினி கூப்பர் அதன் வாலைப் பிடித்துவிடுகிறது.

ஃபெராரி 250 ஜிடிஓ வகைக் கார்களும் இங்கே ஓடியிருக்கின்றன. அவற்றில் ஒன்று 2018இல் 48.4 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அத்தனை விலையுள்ள காரை மோதல் நடக்கும் இடத்தில் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணாடிக்குள் நிற்கும் காரை யாரும் விரிசல் பார்ப்பதில்லை. அந்தக் கம்பி முறுக்கும் கை வேலையும் அடுத்தவருக்குப் போய்ச் சேராது.

மாலையில் திரும்பியபோது, ஒரு மினியின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. மறுநாள் அதற்கு இன்னொரு பந்தயம். இரண்டு பேர் அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

“கடைசி பஸ் போயிடும் மாமா” என்றேன்.

மாமா கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, டார்ச் விளக்கை வாங்கிப் பிடிக்கப் போனார்.