மங்கும் ஆலங்கன்றும்



எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. லயங்களும் இல்லை. முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டிய அம்மா அங்கிருந்து கொண்டுவந்தவற்றுள் எஞ்சியிருப்பது ஒரு பால் மங்கு மட்டுமே.

சென்ற ஆண்டு தோட்டத்துக் கோயில் திருவிழாவிற்குப் போயிருந்தேன். மதில் வெடிப்பில் ஓர் ஆலங்கன்று முளைத்திருந்தது. சுவரைப் பிளந்துவிடும் என்று பிடுங்கி எறியவிருந்தார்கள். கேட்டு வாங்கி வந்தேன். போன்சாய் வளர்ப்பது என் நெடுநாள் ஆசை. தோட்டத்துக் கன்றுக்குத் தோட்டத்து மங்குதான் பொருத்தம் என்று அதிலேயே நட்டேன்.

இரண்டு மாதங்களில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தண்ணீர் போதவில்லை என்றெண்ணி மேலும் ஊற்றினேன். பெயர்த்துப் பார்த்தபோது வேர்நுனிகள் கறுத்து அழுகியிருந்தன.

ஈப்போவில் தொட்டி விற்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் இரண்டையும் கொண்டுபோனேன். மங்கைத் திருப்பிப் பார்த்தவர், "ஓட்டை இல்லையே, சிக்கு?" என்று மலாயில் கேட்டார். பிறகு பாடம் நடத்தினார். தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஆழம் அடிமரத்தின் பருமன் அளவு. பூக்கும் மரங்களுக்கு வண்ண மெருகிட்ட தொட்டி அழகு. ஆலுக்கு மெருகிடாத பழுப்பு மண்தொட்டி போதும். அடியில் துளையும், துளைமேல் வலையும் கட்டாயம்.

அலமாரியில் கோலகங்சார் சாயோங்கின் கரிய மண்சாடி ஒன்று இருந்தது. சுட்ட சூட்டோடு உமியிலிட்டுக் கருமையேற்றியது. ஆசையோடு பார்த்தேன். "அது தண்ணீர் குளிர்வதற்கு. வாய் குறுகல். வேரை எப்படி வெளியே எடுப்பீர்?" என்று சிரித்தார். மங்கில் துளையிட்டுத் தரவும் முன்வந்தார். எனக்கு மனம் வரவில்லை. மண்தொட்டி ஒன்றை வாங்கித் திரும்பினேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். "பால் நிற்கச் செய்த மங்குடா அது. அதிலே மரம் எப்படி நிற்கும்?" என்றார் அம்மா. அழுகிய வேர்களை நறுக்கிக் கன்றை மாற்றி நட்டோம். நான்காவது வாரம் ஒரு தளிர் விட்டது.

கன்றையும் மங்கையும் வகுப்பிற்கு எடுத்துச் சென்றேன். ஆலை எல்லாரும் அறிந்திருந்தனர். மங்கு இன்னதென்று ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றைய இலக்கணப் பாடத்தை ஒத்திவைத்தேன். மறுநாள் அம்மாவையே பள்ளிக்கு அழைத்து வந்தேன்.

இப்போது மங்கு சாமி மேடையில் இருக்கிறது. அம்மா அதில் திருநீறு வைத்திருக்கிறார்.