கல்குடாக் கடலடியில் ஓர் எண்ணெய்க் கப்பல்

சகோதரிகளே, பாசிக்குடாவுக்கு உங்களில் பலர் குடும்பத்தோடு போயிருப்பீர்கள். ஓட்டமாவடியையும் வாழைச்சேனையையும் தாண்டிக் கிழக்கே திரும்பினால் சற்று நேரத்தில் கடல். வெகுதூரம் நடந்தாலும் ஆழம் தெரியாத அமைதியான நீர். பிள்ளைகளோடு வரும் தாய்மாருக்குப் பிடித்தமான இடம்.

அடுத்த முறை போகும்போது சற்று அப்பாலும் பாருங்கள். கல்குடாவுக்கு வெளியே, ஏறத்தாழ 24 மீற்றர் ஆழத்தில், 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்னும் எண்ணெய்த்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1922இல் கட்டப்பட்டது; 5,868 தொன் கொள்ளளவுடையது. பாரசீக எண்ணெயை உலகெங்கும் கொண்டுசெல்வதற்காக 1915இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் டாங்கர் கம்பனிக்குச் சொந்தமானது. அக்கம்பனியின் கப்பல்கள் 'பிரிட்டிஷ்' என்றே பெயர் தாங்கின.

வணிகக் கப்பலுக்குப் போரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எண்ணெய் இல்லாவிட்டால் போர்க்கப்பல் நகராது. அதனால்தான் எண்ணெய்க் கப்பலும் எதிரியின் குறியானது.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்த குறி திருகோணமலை என்பது தெரிந்ததும், துறைமுகத்திலிருந்த கப்பல்கள் 8ஆம் திகதி இரவு தெற்கே கரையோரமாக அனுப்பப்பட்டன. மறுநாள் காலை துறைமுகம் தாக்கப்பட்டது. அங்கே தங்கிய 'சகாயிங்' என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றி எரிந்தது. வெளியே போனவையும் தப்பவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதில் 307 பேர் மாண்டனர். 'அதெல்ஸ்ரேன்' என்ற எண்ணெய்க் கப்பலும் நமது 'பிரிட்டிஷ் சார்ஜன்டும்' அன்றே கடலடியைச் சேர்ந்தன. இவ்விரு எண்ணெய்க் கப்பல்களின் மாலுமிகளும் உயிர் தப்பினர். கடலில் தத்தளித்த போர்க்கப்பல் வீரர்கள் நூற்றுக்கணக்கானோரை 'வீற்றா' என்ற வைத்தியக் கப்பல் மீட்டெடுத்தது.

இருந்தாலும் ஆபத்து, போனாலும் ஆபத்து. இது 1942இன் மாலுமிகளுக்கு மட்டும் வந்த நிலையா? 2009வரை நீடித்த நம் நாட்டுப் போரில், இந்தக் கிழக்குக் கரையின் எத்தனை தாய்மார், எந்த இனத்தவரானாலும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இருப்பதா, போவதா?' என்று இரவிரவாக யோசித்திருப்பார்கள்!

இன்று அந்த இரும்புக்குள் மீன்கள் குடியிருக்கின்றன. சுழியோடிகள் அதைப் பார்த்துவர இறங்குகிறார்கள். கரையில் மணல்வீடு கட்டும் உங்கள் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லுங்கள். யார் வென்றார் என்பதோடு நிறுத்தாமல், அந்தப் படகுகளில் ஏறி உயிரோடு கரைசேர்ந்தவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.