கட்டடம்: 25,000 வெள்ளி

கிள்ளானில் நிலம் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி ஏறுமா?" என்பதுதான். 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அதைக் கேட்காத ஒருவரை நான் பார்த்ததில்லை. இரண்டாவது கேள்வி, கிராண்ட் பிரிஹோல்டா லீஸா. மண் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. மண் என்றால் மண்தானே என்ற எண்ணம்.

எங்கள் பாட்டி வீட்டு நிலம் பிரிஹோல்ட். 80 அடிக்கு 120 அடி, மேரு சாலைப் பக்கம். போர்ட் சுவெட்டன்ஹாம் இன்னும் போர்ட் கிள்ளான் ஆகாத காலத்தில் (பெயர் மாறியது 1972இல்) தாத்தா துறைமுகத்தில் வேலை செய்து வாங்கியது. அந்த 9,600 சதுர அடியில் வீடு 900 சதுர அடிதான். கீழே மூன்றடிக்குக் கல் சுவர், அதற்குமேல் பலகை, கூரை அஸ்பெஸ்டாஸ். மற்ற இடமெல்லாம் ரம்புத்தான், பலா, முருங்கை, கருவேப்பிலை. பின்மூலையில் தாத்தா ஊன்றிய முனியாண்டி சூலம்.

பாட்டி உயில் எழுதாமல் இறந்தார். 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி நான்கு பிள்ளைகளுக்கும் சம பங்கு: பெரியப்பா, அப்பா, அத்தை, சித்தப்பா. அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை, வயது 61. பாட்டி படுக்கையில் கிடந்த ஒன்பது வருடமும் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அதற்குச் சட்டத்தில் கணக்கு இல்லை. நான்கால் வகுத்தால் நான்கில் ஒன்று, அவ்வளவுதான்.

விற்பதற்கு முன் குடும்பம் ஒரு மதிப்பீட்டாளரை வைத்து அறிக்கை வாங்கியது. பதினொரு பக்கம். அதில் எங்களுக்கு வேண்டியது ஒரே அட்டவணை. நிலம், சதுர அடிக்கு 90 வெள்ளி வீதம், 864,000. கட்டடம் 25,000. மொத்தம் 889,000.

"அறுபது வருஷம் கூட்டிப் பெருக்குன வீட்டுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் மைவிதான் வரும் போல" என்றார் அத்தை.

பெரியப்பா அறிக்கையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "நீதானம்மா குடும்பத்துல இஞ்சினியர், சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லு" என்றார். நான் படித்தது சிவில். மதிப்பீடு வேறு தொழில், அதற்குத் தனி உரிமம் வேண்டும். அதைச் சொன்னேன். "நம்ம வீட்டுக்கு என்னம்மா லைசன்ஸ்" என்றுவிட்டார்.

ஸ்கூடாயில் படித்தபோது மண் இயக்கவியல் வகுப்பில் 'கிள்ளான் களிமண்' என்று ஒரு ஸ்லைட் வந்தது. வகுப்பில் நான் ஒருத்திதான் கிள்ளான்காரி, எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கடல் படிய வைத்த களி. மேலே ஓரிரு மீட்டர் வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்ட தோல், அதற்குக் கீழே இருபது முப்பது மீட்டர்வரைகூடக் கொழகொழவென்று இருக்கும். இதே இனக் களிமண்ணின் மேல்தான் எண்பதுகளின் இறுதியில் மூவாரில் ஒரு சோதனை மண்மேட்டை, உடையும் வரை உயர்த்திக்கொண்டே போனார்கள். எத்தனை மீட்டரில் உடையும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வெளிநாட்டு நிபுணர்களையும் கேட்டிருந்தார்கள். 5.4 மீட்டரில் உடைந்தது. நிபுணர்கள் சொன்ன உயரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இந்த மண்ணிடம் பணிவு வேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லிக்கொண்டே இருப்பார். தேர்வில் அது வரவில்லை.

நண்பன் ஒருவனிடம் மேக்கின்டாஷ் புரோப் இரவல் வாங்கினேன். பெரிய கருவி ஒன்றுமில்லை. ஐந்து கிலோ சுத்தியலை 28 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, கம்பி ஓரடி இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ண வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரம்புத்தான் மரத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் ஆரம்பித்தோம். நான் அடிக்க, அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எண்ணிக்கையை எழுதினார். முதல் அடிக்கு 24. அடுத்தது 31. பிறகு 19, 9, 5, 4, 4. அதன்பிறகு ரொம்ப தூரத்துக்கு 4தான்.

"தப்பா எண்ணிட்டேனோ?"

"இல்ல அத்த. அவ்வளவுதான் இருக்கு."

முப்பதடி வரை போனோம். கம்பியை உருவியபோது சாம்பல் நிறக் களி ஒட்டிக்கொண்டு வந்தது, அதில் பொடிச் சிப்பித் துண்டுகள். அத்தை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்து, "கடல் நாத்தம்" என்றார். கரையிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கிறோம், நமக்குக் கீழே கடல்தான் இருக்கிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. எனக்குமே, ஸ்லைடில் பார்த்தது வேறு, இது வேறு.

அப்புறம் வீட்டைப் பார்த்தேன். செங்கால் தூண்கள் அப்படியே இருக்கின்றன. மெராந்தி ஜன்னல் சட்டங்களைக் கரையான் முடித்துவிட்டது. ஒயரிங் முழுக்க மாற்ற வேண்டும், இன்னும் ஃபியூஸ் கம்பிதான். கூரை ஓட்டை உடைக்காமல், வெட்டாமல் விட்டுவைத்தால் தொந்தரவில்லை, பிரிக்க வேண்டும் என்றால் அதற்கென்று உள்ளவர்களைத்தான் கூப்பிட வேண்டும். இதெல்லாம் எந்தப் பழைய வீட்டிலும் இருப்பது.

டியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முன்வாசலிலிருந்து பின்சுவர் வரை முப்பதடி நீளத்தில் 14 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அறுபது வருடம், கிள்ளான் களிமண், 14 மில்லிமீட்டர்! தாத்தாவின் வீடு இறங்கவில்லை என்று சொல்லவில்லை, இறங்கியிருக்கும். எல்லாப் பக்கமும் சேர்ந்து, சமமாக இறங்கியிருக்கிறது. பெரியப்பா 1986இல் ஒட்டிக் கட்டிய சமையல்கட்டு அப்படியில்லை. முழுக்கல் சுவர், மேலே தண்ணீர்த் தொட்டி வைக்கக் கான்கிரீட் தளம், அடியில் ஒரு பாக்காவ் கம்புகூட இல்லை. 14 அடியில் 30 மில்லிமீட்டர் இறங்கி, வீட்டைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் விரிசல், கீழே மயிரிழை, மேலே விரல் நுழையும். ஒவ்வொரு தீபாவளிக்கும் பாட்டி அதைச் சிமெண்டு வைத்துப் பூசுவார். சுரண்டிப் பார்த்தால் பூச்சுக்குமேல் பூச்சாகப் பல வருடத்துத் தீபாவளிகள் தெரிகின்றன. மண் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளக்க நாங்கள் வேலையிடத்தில் கருவி பதிப்போம். பாட்டி சிமெண்டு பூசியே அதைச் செய்து வைத்திருக்கிறார்.

வீடு நிற்பதற்குக் காரணம் அதன் எளிமைதான். பலகை, மெல்லிய ஓடு, மூன்றடிக் கல். என் கணக்குக்கு அறுபது டன்னைத் தாண்டாது. மேல்தோல் அந்த எடையைத் தாங்கிக்கொள்கிறது.

இனி தண்ணீர். முன்பு வாசலில் மூன்று படி இருந்ததாம். இப்போது ஒன்றரைதான். சாலைக்குத் தார்மேல் தார் போட்டு உயர்த்திவிட்டார்கள். இரு பக்கத்து நிலங்களிலும் பழைய வீட்டை இடித்து, மண் கொட்டி, மாடிவீடு எழுப்பிவிட்டார்கள். நடுவில் நம் நிலம் கிண்ணம் மாதிரி. 2021இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று அத்தை முன்கதவு நிலையில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார். தரையிலிருந்து எட்டு அங்குலம்.

ஆகவே இங்கே மாடிவீடு கட்ட நினைப்பவர் முதலில் நிலத்தை ஒரு மீட்டராவது உயர்த்துவார். 9,600 சதுர அடிக்கு ஒரு மீட்டர் என்றால் ஏறக்குறைய 890 கன மீட்டர். பத்துக் கன மீட்டர் கொள்ளும் லோரியில் தொண்ணூறு நடை, கெட்டித்தால் இன்னும் கூட. எடை 1,600 டன். அறுபது டன் வீட்டைச் சுமந்த மண்ணின்மேல் 1,600 டன்னை ஏற்றியபின் அது சும்மா இருக்காது, வருடக்கணக்கில் இறங்கும். ஆழமாகப் பைல் அடித்துக் கட்டினால் வீடு நிற்கும், சுற்றியுள்ள தரை இறங்கும், இறங்கும் களி பைலையும் கீழே பிடித்து இழுக்கும். பக்கத்து மாடிவீட்டில் கார் நிறுத்தும் தரை வீட்டிலிருந்து பிரிந்து தாழ்ந்துபோய், இடையில் பூனை குட்டி போட்டிருக்கிறது.

மதிப்பீட்டாளர் ஒப்பிட்ட இரண்டு விற்பனைகளும் ஏற்கனவே மண் நிரப்பிய நிலங்கள். 90 வெள்ளி என்பது அந்த மாதிரி நிலத்தின் விலை. அட்டவணையில் எனக்கு இடித்தது இதுதான். நிலத்துக்கு 864,000 கொடுப்பவர் மண் நிரப்பிய நிலத்துக்குக் கொடுக்கிறார், நிரப்ப வேண்டுமானால் வீட்டை இடிக்க வேண்டும். வீட்டை வைத்துக்கொள்பவர் நிலத்தை நிரப்பவே முடியாது. இரண்டில் ஒரு வரிதான் உண்மையாக இருக்க முடியும், அறிக்கை இரண்டையும் கூட்டியிருக்கிறது. மண், தாங்குசுவர், லோங்காங் எல்லாவற்றுக்கும் தெரிந்த குத்தகைக்காரரிடம் விலை கேட்டேன். 95,000 சொன்னார். அதைக் கழித்து, வீட்டையும் அடித்துவிட்டு, 769,000 என்று எழுதினேன். பைல் செலவைத் தொடவில்லை. அது வாங்குகிறவர் கட்டும் வீட்டைப் பொறுத்தது.

வீட்டுக்கு நான் போட்டது பூஜ்ஜியம். அத்தையிடம் அதை விளக்க அரை மணி நேரம் ஆனது.

குழுவில் அனுப்பியதும் சித்தப்பா, "120,000 எங்கே போச்சு?" என்றார். பெரியப்பா அப்பாவைத் தனியாக அழைத்து, உன் மகள் அத்தை பக்கம் சாய்கிறாள் என்றாராம். விலை குறைந்தால் அத்தை மற்றவர்கள் பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறோமாம். 61 வயதில் அத்தைக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?

ஆனால் எனக்குக் கொடுக்கும். வயது 28, பெயரில் வீடு இல்லை, 90 சதவீதம் வரை கிடைக்கும். அப்பா தன் பங்கை இப்போதைக்குக் கேட்கவில்லை. மற்ற இருவரின் பங்கு என் எண்படி 384,500. முப்பத்தைந்து வருடக் கடன் என்றால் மாதம் 1,500க்குக் குறையாது. கட்டலாம், காரை மாற்றாமல் இருந்தால். வீட்டை இடிக்காமல், நிரப்பாமல், சமையல்கட்டை மட்டும் பிரித்துப் பலகையில் கட்டிக்கொள்ளலாம். இந்த யோசனை புரோப் அடித்த அன்று இரவு வந்தது, அறிக்கை எழுதுவதற்கு முன்பே. வாங்க நினைப்பவளே விலை எழுதினால் யார்தான் நம்புவார்கள்? அதனால் அறிக்கையின் கடைசி வரியில் அதையும் எழுதி, என் எண்ணை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், காலண்டர் தாளையும் மட்ட அளவுகளையும் கொடுத்து வேறொரு மதிப்பீட்டாளரைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சித்தப்பா அதுவரை படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

புதியவர் வரும் வியாழக்கிழமை வருகிறார். செலவு பெரியப்பாவுடையது. அவரிடம் யாரும் எதுவும் பேசக்கூடாது என்று குழுவில் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே, "டீயாவது கலக்கிக் குடுக்கலாமா?" என்று அத்தை கேட்டிருக்கிறார். இன்னும் யாரும் பதில் போடவில்லை.