நகத்தில் ஏறிய நீலம்

புஜ், கட்ச்
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

தாளின் ஓரத்தில் நீலக் கறை தெரிந்தால் பேனா ஒழுகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். என் வலது கை நகங்களில் அவுரி ஏறி உட்கார்ந்திருக்கிறது. எலுமிச்சம்பழம், ஷாம்பு, விடுதி அம்மா கொடுத்த சலவைக் கட்டி எதற்கும் அசையவில்லை. நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகுமாம்.

அகமதாபாத்தைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். காலிகோ துணி அருங்காட்சியகம் பார்த்தேன். சாராபாய் குடும்பத்தார் 1949-ல் தொடங்கியது. முன்பதிவு செய்துதான் போக முடியும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. வெளியே வந்ததும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து நினைவிலிருந்ததை நோட்டில் வரைந்து தள்ளினேன். பாதிக்குப் பாதி தப்பாகத்தான் இருக்கும். அன்று இரவே புஜ்ஜுக்கு ரயில். விடிந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலம், சீமைக்கருவேலம், மேலும் சீமைக்கருவேலம். ராமநாதபுரம் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோமோ என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது.

வந்த மறுநாளே அஜ்ரக்பூர் போய்விட்டேன். 2001-க்கு முன்னால் இப்படி ஓர் ஊரே கிடையாது. அஜ்ரக் என்ற அச்சுத் துணி செய்யும் கத்ரி சமூகத்தார் அதுவரை தமட்கா என்ற ஊரில் இருந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் கட்ச் அரசர் அழைத்து சிந்துவிலிருந்து வந்தவர்கள். சரண் ஆறு ஓடுகிற இடம் என்று தமட்காவைப் பார்த்துப் பிடித்தார்களாம். துணி அலசத் தண்ணீர் வேண்டுமே. பிறகு ஆறு வற்றியது, கிணறு வந்தது. 2001 ஜனவரி 26 காலையில் பூகம்பம். வீடு விழுந்தது போதாது என்று நிலத்தடி நீரிலும் இரும்பு கூடிவிட்டது. இரும்பு கலந்த தண்ணீரில் சிவப்பு மங்கிக் கறுத்துப் போகும். சாயக்காரருக்கு வீடு போவதைவிடத் தண்ணீர் கெடுவது பெரிய இடி. அதனால் பலர் புஜ்ஜுக்குப் பக்கத்தில் புது இடம் பார்த்து, தொழிலின் பெயரையே ஊருக்கு வைத்துக் குடியேறினார்கள். தமட்காவை விடாமல் அங்கேயே அச்சடிக்கிற குடும்பங்களும் உண்டு.

நான் போன பட்டறையில் ஒரு பெரியவர் அரை நாள் என்னைப் பக்கத்தில் நிற்க விட்டார். 'பெஹன்' என்று கூப்பிட்டு அவர் பாதி இந்தியிலும் பாதி கட்ச்சியிலும் சொன்னதை, நான் பாதி இந்தியிலும் பாதி கைஜாடையிலும் வாங்கிக்கொண்டேன். அவர் சொன்ன சரக்குகளில் முக்கால்வாசி நம் அடுக்களையிலும் நாட்டுமருந்துக் கடையிலும் இருப்பவை, அக்கா. கேளுங்கள்.

முதலில் துணியின் கஞ்சியைப் போக்குகிறார்கள். பிறகு ஆமணக்கெண்ணெய், சலவைச் சோடா, ஒட்டகச் சாணம் கலந்த தண்ணீரில் துணியை மிதித்து, ஊறவைத்து, வெயிலில் போட்டு, மறுபடி ஊறவைத்து... பிழிந்தால் நுரை வர வேண்டும். நுரை வராவிட்டால் இன்னொரு முறை. அடுத்தது கடுக்காய். வெள்ளைத் துணி கடுக்காய்த் தண்ணீரில் முங்கி எழுந்தால் வெளிர் மஞ்சள். அதன் பிறகுதான் அச்சுக்கட்டைக்கே வேலை. தேக்கில் செதுக்கிய கட்டைகள். காந்திநகருக்குப் பக்கத்தில் பேதாபூர் என்ற ஊர் இந்தக் கட்டை செதுக்கலுக்கே பேர்போனது.

முதல் அச்சு சுண்ணாம்பும் கருவேலம் பிசினும் கலந்த பசை. நிறம் கொடுக்க அல்ல, நிறத்தைத் தடுக்க. அது விழுந்த இடமெல்லாம் கடைசிவரை வெள்ளையாக நிற்கும். இரண்டாவது கறுப்பு. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லமும் கடலை மாவும் போட்டுத் தண்ணீரில் 15, 20 நாள் புளிக்க விட்டு, அந்த நீரைப் புளியங்கொட்டை மாவில் கெட்டியாக்கி அச்சடிக்கிறார்கள். கடுக்காய் ஏறிய துணியில் அது பட்டதும் கண்ணெதிரே கறுக்கிறது. மூன்றாவது படிகாரப் பசை, சிவப்பு வர வேண்டிய இடத்துக்கு. ஆனால் இப்போது சிவப்பு தெரியாது. சேறு பூசினதுபோல இருக்கும். கலையாமல் இருக்க மேலே மரத்தூள் தூவுகிறார்கள். பிறகு அவுரித் தொட்டி. துணி வெளியே வரும்போது பச்சை. காற்றுப் பட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகிறது. நன்றாக அலசிவிட்டு, மஞ்சிட்டியிலோ அலிசரின் சாயத்திலோ கொதிக்க வைத்தால் அதுவரை சேறாகக் கிடந்த இடம் எங்கிருந்தோ சிவந்து எழுகிறது.

செயற்கைச் சாயம் வந்த பிறகு இந்த வரிசையில் பாதி கைவிட்டுப் போயிருந்ததாம். 1970-களில் முகமது சித்திக் கத்ரி என்பவர் பழைய இயற்கைச் சாய முறைகளை மீட்டு மகன்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த மகன்களில் ஒருவரான இஸ்மாயில் கத்ரிக்கு இங்கிலாந்தின் டி மான்ட்ஃபர்ட் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்திருக்கிறது. சாயத் தொட்டி முன்னால் குந்தியிருந்தவருக்கு டாக்டர் பட்டம்! இதை மட்டும் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். 'துணியை நறுக்கி ஒட்டுவதெல்லாம் ஒரு வேலையா' என்று இனி நம்மைக் கேட்க மாட்டார்.

எனக்கும் ஒரு கைக்குட்டை அளவுத் துணி கொடுத்தார் பெரியவர். என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே. நாம் சேர்ந்து தைக்கிற துணிப் புத்தகத்தில் ஏழாம் பக்கத்தை என்ன பண்ணினேன்? தையல்கடைத் துண்டு, அதன்மேல் தேநீரில் ஊறவைத்த கல்யாணப் பத்திரிகை, அதன்மேல் செம்புக் கம்பி, அதன்மேல் பொத்தான், மிஞ்சின மூலையில் ஜரிகை. 'அந்தப் பக்கத்துக்கு மூச்சு முட்டுது பாரு' என்று நீங்கள் சொன்னதும் இரண்டு வாரம் உம்மென்று இருந்தேன். இங்கேயும் அதே கதை. சுண்ணாம்பு அச்சு, அதன் இடுக்கில் கறுப்பு, மிச்ச இடத்தில் படிகாரம் என்று ஓர் அங்குலம் விடாமல் குத்திக்கொண்டே போனேன். பெரியவர் கட்டையைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "எல்லாத்தையும் மூடிவிட்டாய். நீலம் எங்கே போய் உட்காரும்?" என்று கேட்டார்.

அவுரியில் முக்கி எடுத்தபோது அவர் சொன்னபடியே ஆயிற்று. நீலத்துக்குப் போக இடமில்லை; ஓரத்தில் ஒரு கோடுபோல ஒண்டிக்கொண்டது. மிச்ச நீலமெல்லாம் என் நகத்துக்கு வந்துவிட்டது.

நீங்கள் சொன்னபோது ரோஷம் வந்தது. அவர் சொன்னபோது வரவில்லை. ஏன் என்று திரும்பி வரும் ரயிலில் யோசித்துக்கொள்கிறேன், அடிக்க வராதீர்கள்.

அதே அஜ்ரக்பூரில் 'லிவிங் அண்ட் லேர்னிங் டிசைன் சென்டர்' என்று கைவினை அருங்காட்சியகம் ஒன்று 2016-ல் திறந்திருக்கிறார்கள். நடத்துவது ஷ்ருஜன் அமைப்பு. 1969 வறட்சியில் நிவாரண வேலைக்கு வந்த சந்தா ஷ்ராஃப், தானமாக எதையும் வாங்கத் தயங்கிய பெண்களின் கையில் இருந்த ஊசி வேலையைப் பார்த்து, சேலைகளில் தைக்கக் கொடுத்து ஆரம்பித்தது. ஒவ்வொரு சமூகத்தின் தையலும் தனித்தனியாக அங்கே விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ரபாரிப் பெண்களின் கண்ணாடி வேலையில் வட்டம், சதுரம், முக்கோணம், பாதாம் என்று கண்ணாடியிலேயே அத்தனை வடிவம். நான் ஒரு மணி நேரம் நின்றது மட்டும் சூஃப் தையல் முன்னால்.

சூஃபில் துணிமேல் கோடு போடுவதில்லை. இழையை எண்ணி எண்ணி, துணியின் பின்பக்கத்திலிருந்து தைக்கிறார்கள். முக்கோணம் முக்கோணமாக முன்பக்கத்தில் வளர்வது தைக்கிறவர் கண்ணுக்கு நேராகத் தெரியாது. 1971 போரை ஒட்டி சிந்து தார்ப்பார்க்கரிலிருந்து எல்லை தாண்டி வந்த குடும்பங்களோடு இங்கே பரவிய வேலை இது. அன்றிரவு விடுதியில் ஒரு துண்டில் முயன்று பார்த்தேன். எட்டு இழை எண்ண வேண்டிய இடத்தில் ஒன்பது எண்ணியிருக்கிறேன். திருப்பிப் பார்த்தால் முக்கோணம் இல்லை, ஒட்டு மாங்காய். அதை அப்படியே வைத்திருக்கிறேன். ஒன்பதாம் பக்கத்துக்கு ஆகும்.

நிரோணாவுக்கும் போனேன். ஆமணக்கெண்ணெயைக் காய்ச்சிப் பிசினாக்கி, வண்ணம் கலந்து, கம்பி முனையிலிருந்து நூலாக இழுத்துத் துணியில் விடுகிற ரோகன் ஓவியம். கம்பி துணியைத் தொடுவதே இல்லை. பாதி வரைந்து துணியை மடித்து அழுத்தினால் மறுபாதி தானே வந்துவிடுகிறது. அழகுதான். ஆனால் சுற்றுலாக்காரர் கூட்டத்தில் தோள் மேல் தோளாக நின்று பார்த்ததில் மனசு ஒட்டவில்லை. வழியில் சாப்பிட்ட தாபேலி நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

உங்களுக்காகப் பார்த்தது பாந்தனி. புஜ் சந்தில் ஒரு வீட்டு முற்றத்தில் மாமியாரும் மருமகளும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுண்டுவிரல் நகத்தை நீளமாக வளர்த்து, அதன் நுனியால் துணியைக் கடுகளவு தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி, அறுக்காமலே அடுத்த முடிச்சு. கண் எங்கேயோ, பேச்சு எங்கேயோ, விரல் மட்டும் தன்பாட்டில். உங்கள் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து சுங்குடிக்கு முடிச்சுப் போட்டதாக நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு அதுவரை வெறும் கதை. அங்கே அது என் கண் முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தது.

மதுரையிலிருந்து வருகிறேன், என் தோழி சௌராஷ்டிரக்காரர் என்று சொன்னேன். அவர்களுக்குப் பிடிபடவில்லை. கைப்பையிலிருந்த உங்கள் பழைய சுங்குடித் துண்டை எடுத்துக் காட்டினேன். மாமியார் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு புள்ளியைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்துவிட்டு மருமகளிடம் என்னவோ சொன்னார். 'கையால் முடிந்தது' என்றாராம். இப்போது மதுரையில் மெழுகு அச்சிலும் ஸ்கிரீனிலும்தான் பெரும்பாலும் புள்ளி விழுகிறது என்று நான் சொல்லவில்லை. இங்கேயும் கடைவீதியில் பாந்தனி மாதிரி அச்சடித்த நைலான் தொங்குகிறது. அதைப் பற்றி அவர்களும் பேசவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று மருமகள் 'பாணி' என்று கேட்டபோது, உங்கள் வீட்டிலும் அதே சொல்தானே, உங்கள் அடுக்களையில் நிற்பதுபோல இருந்தது.

சாயம் முடிந்த துணியை முடிச்சோடேதான் வைத்திருக்கிறார்கள். நான் ஒரு துப்பட்டா கேட்டதும் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரம் பிடித்து ஒரு இழு இழுத்தார்கள். படபடபடவென்று பொரி பொரிகிற சத்தம். முடிச்செல்லாம் தெறித்து நூல் தரையில் உதிர்ந்தது. அந்தச் சிவப்பு நூல் சுருளையெல்லாம் பொறுக்கி ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டேன். துப்பட்டாவுக்குக் காசு வாங்கினார்கள். குப்பையைப் பொறுக்கியதற்குச் சிரித்தார்கள். பத்தாம் பக்கத்தில் அந்தச் சுருளை மட்டும், ஒரே ஒரு மூலையில் வைத்துத் தைக்கப் போகிறேன். மிச்சம் வெறும் காடா. சத்தியமாக.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. நான் ஊர் வந்து சேர இன்னும் பத்து நாள் ஆகும். அதற்குள் கறுப்பு கொஞ்சமாவது புளித்திருக்க வேண்டும். பரணில் இருக்கும் பழைய ஊறுகாய் ஜாடியை எடுங்கள். இரும்புக் கடையில் துருப்பிடித்த ஆணி, லாடம் எது கிடைத்தாலும் ஒரு கிலோ. அச்சு வெல்லம் கால் கிலோ, கடலை மாவு இரண்டு கை. முங்குகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு மொட்டை மாடியில் வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். அளவு என் குத்துமதிப்பு. பெரியவர் கையாலேயே அள்ளிப் போட்டார், தராசெல்லாம் அங்கே இல்லை. ஜாடியின் வாயைத் துணியால் கட்டினால் போதும். மூடி போட்டு இறுக்கிவிடாதீர்கள், பொங்கிவிடும். நாற்றத்தைப் பற்றிக் கீழ்வீட்டுக்காரர் கேட்டால் ஊறுகாய் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஏழாம் பக்கத்துக்காரி